எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் ‘பாஸ்’, அப்புறம் எப்படி மோசடி மெயில் உள்ளே வந்தது?

பினாங்குப் பையன்:
லெபோ பாசாரில் மாமாவின் துணிக்கடைக்கு மெயில், வெப்சைட் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். போன வருடம் இரண்டு நாள் உட்கார்ந்து மூன்றையும் போட்டு (எஸ்பிஎஃப் என்றால் எந்த சர்வர் நம் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல், டிகிம் என்றால் மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து, டிமார்க் என்றால் இரண்டும் தவறினால் மெயிலை என்ன செய்வது என்ற உத்தரவு), டிமார்க்கை ‘ரிஜெக்ட்’, அதாவது ‘ஏற்காதே’ வரைக்கும் ஏற்றிவிட்டு, இனிமேல் ஸ்பேம் தொல்லையே இருக்காது என்று மாமாவிடம் பீற்றிக்கொண்டேன். போன வாரம் சப்ளையர் பெயரில் ஓர் இன்வாய்ஸ், கடைசியில் ‘எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது’ என்று ஒரு வரி. மாமா சந்தேகப்பட்டுப் போன் போட்டதால் 8,000 ரிங்கிட் தப்பித்தது. மெயிலோடு வரும் அனுப்பிய விவரங்களை, அதாவது ஹெட்டரைத் திறந்தால் மூன்றும் பாஸ்! மாமா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் சர்வர்காரர்:
தம்பி, நீங்கள் போட்டது உங்கள் டொமைன் (முகவரியில் @க்குப் பின்னால் வருவது) பெயரில் வேறு எவனும் வெளியே மெயில் அனுப்பாமல் இருக்கத்தான். உள்ளே வருகிற மெயிலுக்கு, அனுப்பியவன் தன் டொமைனில் என்ன வைத்திருக்கிறான் என்றுதான் பார்ப்பார்கள். சப்ளையர் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ‘எம்’ வர வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? அந்த டொமைனைக் காசு கொடுத்து வாங்கியவன் டிகிம் கையெழுத்தையும் ஒழுங்காகப் போட்டிருப்பான், சில நேரம் நம்மைவிட ஒழுங்காக. அவன் யோக்கியனா என்று டொமைனுக்காகப் பதிந்து வைக்கிற எந்த டிஎன்எஸ் ரெக்கார்டும் சொல்லாது.

பினாங்குப் பையன்:
அண்ணே, அதேதான்! போனில் பார்த்தால் பெயர் மட்டும்தான் தெரிகிறது, முகவரியே காட்டவில்லை.

மெயில் அக்கா:
எழுத்து மாறாமலும் வரும். சப்ளையரின் பாஸ்வேர்டையே திருடிவிட்டால் மெயில் அசல் சர்வரில் இருந்துதான் வரும், எல்லாம் பாஸ் ஆகும். அதற்கு மாமாவின் போன்தான் வழி. பணம் போய்விட்டால் உடனே மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997க்கு அடியுங்கள்.

இதற்கு நேர்மாறாக, நல்ல மெயிலும் மாட்டிக்கொள்ளும். ஃபார்வர்டு செய்தால் எஸ்பிஎஃப் பெரும்பாலும் அடிபடும், மெயிலிங் லிஸ்ட் (ஒரு முகவரிக்கு எழுதினால் குழுவில் எல்லோருக்கும் போவது) தலைப்பில் குழுப் பெயரைச் சேர்த்தால் டிகிம் உடையும், இரண்டும் போனால் டிமார்க் சொன்னபடி ரிஜெக்ட். 2014இல் யாஹூ தன் டிமார்க்கை ‘ரிஜெக்ட்’டுக்கு மாற்றியபோது எத்தனையோ லிஸ்ட்டுகள் குழம்பிப்போயின. அதற்காக எடுத்துவிடாதீர்கள், 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயிலுக்கு நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். கடை முகவரியில் இருந்து ஏதாவது பழைய லிஸ்ட்டுக்கு எழுதுகிறீர்களா?

பினாங்குப் பையன்:
ஐயோ அக்கா, கோயில் லிஸ்ட்! தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் கணக்கை மூன்று தடவை அனுப்பினேன், பாதிப் பேர் மெயில் வரவே இல்லை என்றார்கள். நான் பொருளாளரோடு சண்டையே போட்டுவிட்டேன்.