மருத்துவக் காப்பீட்டில் கோ-பே 20 விழுக்காடுதான், ஆனால் பாதிக்கு மேல் பிடித்துவிட்டார்கள். ஏன்?

குடியாத்தம் வாசகர்:
வணக்கம். அப்பாவுக்கு 63 வயது. மொபெட்டிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் தகடு வைத்தார்கள். நான்கு நாள் தங்கினோம். பில் 2,00,000 ரூபாய். மருத்துவக் காப்பீட்டு பாலிசி 3 லட்சத்துக்கு, கோ-பே, அதாவது நாம் ஏற்க வேண்டிய பங்கு, 20 விழுக்காடு. 1,60,000 திரும்பி வரும் என்று நம்பி அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டினேன். வந்தது 80,000. யாராவது விளக்குங்கள்.

சத்துவாச்சாரி வாசகர்:
தம்பி, அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? அறை வாடகை எவ்வளவு? பாலிசியில் அதற்கு வரம்பு உண்டா?

குடியாத்தம் வாசகர்:
நடக்கப் பழகுகிறார், அண்ணா. அறை நாளுக்கு 6,000. பாலிசியில் ‘காப்பீட்டுத் தொகையில் 1 விழுக்காடு’ என்றிருக்கிறது. அதாவது 3,000. கூடுதலான 12,000 மட்டும்தானே கழிய வேண்டும்?

சத்துவாச்சாரி வாசகர்:
இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்துபோகிறோம். வரம்பைப் போல இரண்டு மடங்கு வாடகையில் தங்கினால், அறையின் தரத்தை ஒட்டி உயரும் மருத்துவர், அறுவை அரங்கக் கட்டணங்களிலும் பாதியைத்தான் ஏற்பார்கள். விகிதாசாரக் கழிவு என்பது இதுதான். உங்களுக்கு முழு பில்லையும் பாதியாக்கி, அந்த 1,00,000-த்தில் கோ-பே 20,000-ஐப் பிடித்திருக்கிறார்கள். அது தவறு. மருந்து, உள்ளே வைத்த தகடு, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை ஆகியவற்றில் இந்தக் கழிவு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இலேயே சொல்லிவிட்டது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. பில்லைப் பிரித்து எழுதுங்கள்.

குடியாத்தம் வாசகர்:
அறை 24,000. மருத்துவர், அரங்கம், செவிலியர் 80,000. மருந்து, தகடு, பரிசோதனை 96,000.

சத்துவாச்சாரி வாசகர்:
12,000 + 40,000 + 96,000 = 1,48,000. கோ-பே 29,600 போக 1,18,400. இன்னும் 38,400 வர வேண்டும். கையுறை போன்ற சில்லறைப் பொருள்களுக்குச் சிறிது குறையலாம். அறைக்கு அறை மருத்துவர், அரங்கக் கட்டணம் மாறாத மருத்துவமனை என்றால் அந்த 80,000-த்தில் மீதி 40,000-மும் கழியக் கூடாது. அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்:
என் பாலிசியில் ‘டிடக்டிபிள் 25,000’ என்றிருக்கிறது. அதுவும் கோ-பேயா?

சத்துவாச்சாரி வாசகர்:
இல்லை ஐயா. முதல் 25,000 உங்கள் செலவு. அதற்கு மேல்தான் பாலிசி தொடங்கும். கோ-பே, ஏற்கும் தொகை எவ்வளவானாலும் அதில் ஒரு பங்கு.

தம்பி, கணக்கோடு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

குடியாத்தம் வாசகர்:
நாளைக் காலையே மருத்துவமனைக்குப் போய்க் கட்டண விவரத்தைக் கேட்கிறேன். நன்றி, அண்ணா.