கவுன்சில் பராமரிப்புக் கட்டணத்தைக் கூட்டப் பார்க்கிறது: எங்கிருந்து எதிர்க்கத் தொடங்குவது?

வேம்படி:
இங்கிலாந்தில் உள்ள ஒரு மாற்றுத்திறனாளிகள் குழுவுக்காகக் கேட்கிறேன். பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்று சொல்லி, வீட்டுப் பராமரிப்புக்கு ஆட்கள் கட்டும் பங்கை எங்கள் கவுன்சில் கூட்டப் போகிறது. கட்டணம் போக ஒருவர் கையில் இவ்வளவாவது மிஞ்ச வேண்டும் என்று அரசு வகுத்த குறைந்தபட்ச வருமான எல்லைக்கு மேலேயும் இதுவரை கொஞ்சம் விட்டுவைத்தார்கள். இனி அந்த எல்லை வரை எடுப்பார்களாம். இயலாமை உள்ளவர்களுக்கு அரசு தரும் 'பிப்' உதவித்தொகையின் அன்றாட வாழ்க்கைப் பகுதியில் சாதாரண விகிதத்தை மட்டும் கணக்கில் எடுத்தவர்கள், இனி உயர் விகிதத்தை முழுக்க எடுப்பார்கள். கருத்துக்கேட்பு டிசம்பர் நடுவில் முடிகிறது, பெப்ரவரி கடைசியில் பட்ஜெட் கூட்டம். கையெழுத்து சேர்ப்பதைத் தவிர வேறென்ன செய்யலாம்? 114ஆம் பிரிவு அறிவிப்பு வந்துவிடும் என்று வாயை அடைக்கிறார்கள். அதையும் யாராவது விளக்குங்கோ.

கணக்கப்பிள்ளை:
முதலில் கலண்டரைப் பாருங்கள். கவுன்சில் மார்ச் 11க்குள் பட்ஜெட்டை நிறைவேற்றியாக வேண்டும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு அறிக்கை வெளிவரும்போது பேரம் முடிந்திருக்கும். ஆகவே தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் தர அவர்களுக்கு 20 வேலை நாள் உண்டு, கிறிஸ்மஸ் விடுமுறை அதில் சேராது.

கேட்க வேண்டியவை: இப்போது கட்டணம் கட்டுவோர் எத்தனை பேர், அதில் வரும் மொத்தப் பணம், அதை மதிப்பிட்டு வசூலிக்க ஆகும் செலவு, நிலுவைக் கடன், கட்டணத்தைக் காரணம் காட்டிப் பராமரிப்பையே வேண்டாம் என்றவர்கள் எத்தனை பேர். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'பதிவு செய்வதில்லை' என்றுதான் பதில் வரும். அதையும் பத்திரப்படுத்துங்கள், பாதிப்பை எடைபோடாமலே முடிவெடுக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. பட்ஜெட் தாளில் காட்டும் சேமிப்பு பெரும்பாலும் மொத்த வரவு. வசூல் செலவையும் வராக்கடனையும் கழித்துப் பார்த்தால் தொகை சுருங்கும். நிதிக் குழு உறுப்பினர்களிடம் கோபத்தைவிட இந்தக் கழித்தல் கணக்கு கூடுதலாக வேலை செய்யும்.

தனி ஆளுக்கான கணக்கும் கையில் இருக்கட்டும். 2025-26இல் பிப் அன்றாட வாழ்க்கைப் பகுதி சாதாரண விகிதம் வாரம் 73.90 பவுண்ட், உயர் விகிதம் 110.40. இந்த மாற்றம் மட்டுமே வாரம் 36.50, ஆண்டுக்கு 1,898 பவுண்ட். பிப்பின் நடமாட்டப் பகுதியைத் தொட அவர்களுக்கு அதிகாரமே இல்லை. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொருவர் தாளிலும் பாருங்கள்.

மூன்றாம்_வாசிப்பு:
சட்டப் பக்கம். 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கட்டணம் வாங்க அனுமதிக்கிறதே தவிரக் கட்டாயப்படுத்தவில்லை. ஹாமர்ஸ்மித்-புல்ஹாம் கவுன்சில் 2015இல் வீட்டுப் பராமரிப்புக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. 'வேறு வழியில்லை' என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் நிலைமைக்கு நேரே பொருந்துவது நார்ஃபோக் தீர்ப்பு, 2020 டிசம்பர். அங்கேயும் கவுன்சில் இதே இரண்டு வேலையைத்தான் செய்தது. உழைத்துச் சம்பாதிக்கும் பணத்தைக் கட்டணக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஆனால் உதவித்தொகையைச் சேர்க்கலாம். அதனால் வேலைக்கே போக முடியாத அளவு கடும் பாதிப்புள்ளவர் தன் வருமானத்தில் பெரிய பங்கைக் கட்ட வேண்டி வருகிறது. இது பாகுபாடு என்று உயர் நீதிமன்றம் சொன்னது. இந்த வாதத்தைக் கருத்துக்கேட்புப் பதிலில் எழுத்தாகவே போடுங்கள்.

கருத்துக்கேட்புப் படிவத்தையும் வடிவாக வாசியுங்கள். கையிருப்பு நிதியை எடுப்பது, கவுன்சில் வரியைக் கூட்டுவது போன்ற மாற்று வழிகளும் அவை ஏன் தள்ளப்பட்டன என்பதும் அதில் இருக்கிறதா? ஹாரிங்கே கவுன்சிலின் வரிச்சலுகைக் கருத்துக்கேட்பு, மாற்று வழிகளை மறைத்ததால் சட்டவிரோதமானது என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் திரும்ப நடத்தச் சொல்லி உத்தரவிடவில்லை. 2013இல் சுயாதீன வாழ்க்கை நிதி (கடும் இயலாமை உள்ளவர்கள் சொந்த வீட்டில் வாழ அரசு தந்த பணம்) வழக்கிலும், முடிவெடுக்கும்போது சமத்துவத்தைக் கருத்தில் கொள்ளச் சொல்லும் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவை அமைச்சர் உரிய கவனத்தோடு பின்பற்றவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அரசு தாள்களைத் திருத்திக்கொண்டு மறுபடி அதே முடிவை எடுத்தது, 2015 ஜூன் 30இல் நிதியை மூடியது. வழக்கு நேரம் வாங்கித் தரும். அந்த நேரத்தில் வெளியே ஆள் திரட்டாவிட்டால் வென்றும் தோற்றதுதான்.

நீதிமன்றம் போவதாக இருந்தால், முடிவு எடுத்த நாளிலிருந்து கெதியாக, எப்படியும் மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன் முறையான கடிதம் அனுப்பிப் பதிலுக்கு 14 நாள் விட வேண்டும். வழக்காளியாகக் கட்டணம் கட்டும் ஒருவரே நின்றால் சட்ட உதவி கிடைக்க வாய்ப்புண்டு. அவரை ஜனவரியிலேயே பேசி வையுங்கள், மே மாதம் தேடிப் பயனில்லை.

114க்கு வருகிறேன். வரவுக்குள் செலவை அடக்க முடியாது என்று கவுன்சிலின் நிதித் தலைமை அதிகாரி விடுவதுதான் அந்த அறிவிப்பு. அது வந்தால் புதிய செலவுகள் முடக்கப்படும், 21 நாளுக்குள் கவுன்சில் கூட வேண்டும். 2020இல் குரொய்டனிலும் 2023இல் பர்மிங்ஹாமிலும் வந்தது. தகுதியுள்ள பராமரிப்புத் தேவையை நிறைவேற்றும் கடமை அப்போதும் அப்படியே இருக்கும்.

சலவைக்கணக்கு:
மேலே சொன்னதோடு இன்னொன்றும் சேர்ந்து நடக்க வேண்டும். இயலாமை சார்ந்த செலவைக் கழிக்கச் சொல்லி ஒவ்வொருவரும் மறுமதிப்பீடு கேளுங்கள். உதவித்தொகையை வருமானமாக எண்ணும் கவுன்சில் இந்தக் கழிவைத் தந்தே ஆக வேண்டும். பல இடங்களில் எல்லோருக்கும் ஒரே தட்டுத் தொகை போட்டு விடுவார்கள். அது உச்சவரம்பு இல்லை.

கூடுதல் சூடாக்கல், சலவை, தனி உணவு, சக்கர நாற்காலிக் காப்பீடும் பழுதும், அவசர அழைப்புக் கருவி, தோட்ட வேலைக்கு ஆள் எல்லாம் கேட்கலாம். மின்சாரம், எரிவாயுவுக்கு ஒரு முழு ஆண்டுப் பில் வையுங்கள். குளிர்கால பில் மட்டும் கொடுத்தால் சராசரி பார்த்து வெட்டுவார்கள். என்எச்எஸ் (அரசு மருத்துவ சேவை) சிறுநீர்க் கசிவுக்கு இலவசமாகத் தரும் பேட்களுக்குக் கேட்டால் மறுப்பு வரும். தருவது போதாது என்று தாதியிடம் எழுதி வாங்கியிருந்தால் வாதாடலாம். 'பராமரிப்புத் திட்டத்தில் இல்லை' என்பதுதான் வழக்கமான மறுப்பு. பராமரிப்புக்கு அவசியமானதோடு மட்டும் நிறுத்தக் கூடாது என்று அரசு வழிகாட்டுதலே சொல்கிறது. இருந்தாலும் அடுத்த மீளாய்வில் திட்டத்தில் எழுத வையுங்கள்.

வேம்படி:
நன்றி. மேல்முறையீடு நடக்கும்போது கட்டாமல் விட்டால் பராமரிக்க வரும் ஆளை நிறுத்திவிடுவார்களோ என்று எல்லாருக்கும் பயம்.

சலவைக்கணக்கு:
நிலுவைக்காகத் தகுதியுள்ள பராமரிப்பை நிறுத்த முடியாது. ஆனால் கடனாக ஏறும், வழக்குப் போட்டு வசூலிக்கலாம். எனவே பழைய தொகையைத் தொடர்ந்து கட்டி, கூட்டிய பகுதியை மட்டும் 'தகராறில் உள்ளது' என்று எழுத்தில் அறிவியுங்கள். கவுன்சில் புகார் நடைமுறை முடிந்தபின் உள்ளாட்சி, சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிக்கும் சுயாதீன அதிகாரி) போகலாம். காசு இல்லை, பிரச்சினை தெரியவந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும்.