மறுமொழி: 'சூடோ-பிராவெர்ப்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புடையீர், வணக்கம். அண்மையில் யாரோ உண்டாக்கி, தொன்றுதொட்டு வழங்கும் பழமொழி என்று பரப்பப்படும் கூற்றைத்தான் ஆங்கிலத்தில் 'சூடோ-பிராவெர்ப்' என்கிறோம். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது ஓர் அம்மையார் கேட்டது:

> 'போலிப் பழமொழி' போதுமே ஐயா, புதுச்சொல் எதற்கு?

அம்மா, இலக்கணத்தில் பந்தல்–பந்தர் போன்றவற்றுக்கும் 'போலி' என்றுதான் பெயர். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் தயக்கம் வேறு. நீங்கள் காட்டிய 'படம் ஒன்று ஆயிரம் சொல்லுக்குச் சமம்' என்பதையே பாருங்கள். பக்கம் பக்கமாக விளக்குவதைப் படம் ஒரு நொடியில் உணர்த்திவிடும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் எல்லார் வாயிலும் புழங்குகிறது. அது எப்படிப் போலியாகும்? பழமொழி அசல்தான், பூர்வீகம்தான் பொய்.

1911இல் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில், விளம்பரக்காரர்கள் கூட்டத்தில் பத்திரிகையாளர் ஆர்தர் பிரிஸ்பேன், 'படத்தைப் போடுங்கள், ஆயிரம் சொல் பெறும்' என்றார். 1921இல் பிரெட் பர்னார்ட் 'பிரின்டர்ஸ் இங்க்' இதழில், 'ஒரு பார்வை ஆயிரம் சொல் பெறும்' என்று விளம்பரம் கொடுத்தார். அவர் விற்றது டிராம் வண்டிகளில் விளம்பர இடம். அந்த வாசகத்தைச் சொன்னவர் யாரோ ஜப்பானிய அறிஞராம். 1927இல் அதே இதழில் பார்வை படமாயிற்று, ஆயிரம் பத்தாயிரமாயிற்று, ஜப்பான் சீனாவாயிற்று! பக்கத்தில் சீன எழுத்துகள் வேறு. சீனப் பழமொழி என்றால்தான் மதிப்பார்கள் என்று அவரே பிறகு சொன்னதாகப் பதிவு உண்டு. அப்புறம் கன்ஃபூசியஸ் தலையிலும் கட்டிவிட்டார்கள்.

இதற்கு நெருக்கமாகச் சீனத்தில் உண்மையாகவே ஒன்று உண்டு: 'நூறு முறை கேட்பது ஒரு முறை காண்பதற்கு ஈடாகாது.' ஹான் வரலாற்று நூலில், போர்முனையை நேரில் பார்க்கவேண்டும் என்று தளபதி ஜாவ் சோங்குவோ பேரரசரிடம் சொல்வது. அதில் படமும் இல்லை, பத்தாயிரமும் இல்லை.

ஆகவே சொல், முதுமையைத்தான் பொய் என்று காட்டவேண்டும். 'போலிமூலம்' என்று எழுதிப் பார்த்தேன். பேருந்து நிலையச் சுவரில் பவுத்திரத்தோடு சேர்த்து ஒட்டும் விளம்பரம்தான் நினைவுக்கு வந்தது. 'கட்டுக்கதை' வழியில் 'கட்டுப்பழமொழி' என்றால் மறுபடி பழமொழியே பொய்யாகிவிடும்.

என் பரிந்துரை 'புனைமுதுமொழி'. முதுமொழி தொல்காப்பியத்திலேயே உள்ள சொல். 'புனை' என்பதற்குக் கற்பித்தல், ஒப்பனை செய்தல் இரண்டும் பொருள்; பர்னார்டு இரண்டையும் செய்தார். 'புனைபெயர்', 'புனைகதை' போல வினைத்தொகை.

ஆறெழுத்து, கொஞ்சம் நீளம்தான். 'புனைமொழி' என்று சுருக்கலாமா என்றால், எஸ்பெராண்டோ போலச் செயற்கையாக உருவாக்கிய மொழிகளுக்கு அது வேண்டியிருக்கும். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றுகிறதா?