கெர்னல் புதுப்பித்தபின் திரை கறுத்துவிடுகிறது: வரைகலை இயக்கியை மீட்பது எப்படி?

கேள்வி

வணக்கம். என் மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ் இயங்குகிறது. என்விடியா வரைகலை அட்டைக்கான மூடிய மூல இயக்கியை, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து நிறுவல் கோப்பாக இறக்கி நானே நிறுவியிருந்தேன். நேற்றைய புதுப்பிப்பில் புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வந்தது. அதற்குப் பிறகு, உள்நுழைவுத் திரை வரவேண்டிய இடத்தில் கறுப்புத் திரையும் மினுக்கும் குறியும் மட்டுமே நிற்கின்றன. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கிறது. சிலர் கெர்னலின் துவக்க விருப்பங்களில் நோமோட்செட் சேர்க்கச் சொல்கிறார்கள், சிலர் முழுவதையும் மறுபடி நிறுவச் சொல்கிறார்கள். எதைச் செய்வது?

முதல் பதில்

தயவுசெய்து மறுபடி நிறுவ வேண்டாம். டெர்மினல் திறக்கிறது என்றால் கணினி முழுமையாகத் துவங்கிவிட்டது, வரைகலைப் பகுதி மட்டுமே நிற்கிறது என்று பொருள்.

மூடிய மூல இயக்கி கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை. அதன் மாட்யூல் (கெர்னலில் ஏற்றப்படும் பகுதி) ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் தனியாகக் கம்பைல் செய்யப்பட வேண்டும். நீங்கள் இயக்கிய நிறுவல் கோப்பு, டிகேஎம்எஸ்ஸில் (ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மாட்யூலைத் தானாக உருவாக்கும் கருவி) பதிவு செய்யப்படாதிருந்தால், அன்று இயங்கிய கெர்னலுக்கு மட்டுமே அதை உருவாக்கியிருக்கும். கூடவே, மோதல் வராதிருக்க, திறந்த மூல இயக்கியான நூவோவையும் தடைப்பட்டியலில் சேர்த்திருக்கும். ஆகவே புதிய கெர்னலில் இரண்டுமே இல்லை. இதை உறுதிசெய்ய, கிரப் துவக்கப் பட்டியலின் மேம்பட்ட விருப்பங்களில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துத் துவக்குங்கள்.

பழையதில் மேசைத்தளம் வந்தால், அந்த நிறுவல் கோப்பைக் கொண்டே இயக்கியை நீக்கிவிட்டு, டெபியனில் மூடிய மூல மென்பொருள்களுக்கான நான்-ஃப்ரீ பகுதியிலுள்ள தொகுப்பை நிறுவுங்கள். உடன் மாட்யூலைக் கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகளைத் தரும் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 என்ற பொதுத் தொகுப்பும் அவசியம். ஒரே ஒரு பதிப்பின் ஹெடர்களை மட்டும் நிறுவியவர்கள், அடுத்த புதுப்பிப்பில் இதே கறுப்புத் திரைக்குத் திரும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நோமோட்செட் தீர்வு அன்று. திரை அமைப்பைக் கெர்னல் கையாளுவதை அது தடுத்துவிடுவதால், வரைகலை வேலை முழுவதும் சிபியூவின் தலையில் விழும். அட்டையின் இயக்கியே துவக்கத்தைத் தடுக்கும்போது, ஒரு முறை உள்ளே நுழைவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னது சரி. செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் துவக்க விடும் பாதுகாப்பு) இயங்குகிறதா என்பதையும் மோக்யூட்டில் என்ற கட்டளையைக் கொண்டு பாருங்கள். இயங்கினால், கையொப்பம் சரிபார்க்கப்படாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. மாட்யூலை ஏற்றும் மாட்ப்ரோப் கட்டளை, சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பிழையோடு நின்றுவிடும். டிகேஎம்எஸ் கையொப்பமிடும் சாவியை மோக்யூட்டில் வழியாக இறக்குமதி செய்து, ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்து, மறுதுவக்கம் செய்யுங்கள். அப்போது தோன்றும் நீலத் திரையில் அதே கடவுச்சொல்லைத் தந்து பதிவை முடிக்க வேண்டும்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய கெர்னலில் மேசைத்தளம் உடனே வந்தது. தொகுப்பை மாற்றியபின், டிகேஎம்எஸ் நிலை இரண்டு கெர்னல்களிலும் நிறுவப்பட்டதாகக் காட்டியும் திரை கறுப்பாகவே இருந்தது, சாவிதான் காரணம். நீலத் திரை 10 நொடிகளே காத்திருப்பதால் முதல் முறை தவறவிட்டேன். சாவியை மீண்டும் இறக்குமதி செய்து, இரண்டாம் முறை விசையை உடனே அழுத்திப் பதிவு செய்தேன். இப்போது புதிய கெர்னலிலேயே, வன்பொருள்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை, பயன்பாட்டிலுள்ள இயக்கியாகச் சரியானதையே காட்டுகிறது.