கருங்கல் சரிவுகளில் நீங்கள் பார்த்தது என்ன? தென்னாப்பிரிக்காவில் மலையேறுகிறவர்கள் சொல்லுங்கள்

கொங்கு_கேப்டவுன்:
கேப்டவுன் பக்கத்துப் பார்ல் மலைக்குப் போய்வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எல்லாரும் சங்கிலியைப் பிடித்து மொட்டைப் பாறை மேல் ஏறி, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம், பாறைக்கும் அடிவாரத் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சரளை மண்ணை யாரும் பேசுவதே இல்லை. எனக்கு ஊர் கரூர்ப் பக்கம், கிரானைட் குவாரி பார்த்து வளர்ந்தவன், அதனால் கண் அங்கேதான் போகிறது.

ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போது செருப்பு வழுக்கும். குனிந்து ஒரு கை அள்ளிப் பாருங்கள், கல்லுப்பு மாதிரி நறநற என்று இருக்கும். அதில் பெரும்பாலும் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) துணுக்குதான், நடுவில் காக்காப்பொன் மினுக்கும். இந்தக் கிரானைட்டுக்கு வயது ஏறக்குறைய 54 கோடி ஆண்டு. பாறை மக்கும்போது அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாக மாறுகிறது, சரிவில் அந்தக் களியை மழை அடித்துக்கொண்டு போய்விடுகிறது, கரையாத வெங்கச்சங்கல் மட்டும் மேலே தங்குகிறது. பல இடத்தில் ஒரு சாண் தோண்டினால் பாறை தட்டும். மே முதல் ஆகஸ்ட் வரை மழை, வந்த தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், அப்புறம் கோடை முழுக்கத் தென்கிழக்குக் காற்றுதான்.

ஆனால் பாறையின் விளிம்பைச் சுற்றி மட்டும் காட்டு ஆலிவ் மரங்கள் செழிப்பாக நிற்கும். மொட்டைப் பாறை மேல் விழுகிற மழை பூராவும் ஓடி அந்த விளிம்பில்தானே இறங்குகிறது! பத்தடி தள்ளிப் போனால் முழங்கால் உயரப் புதர்தான். அதே மலை, அதே மழை. இதைக் கவனித்தபிறகு எனக்கு மலை ஏறுவதை விட ஓரமாகச் சுற்றி வருவதுதான் பிடித்திருக்கிறது. உங்களுக்கு எந்தச் சரிவில் என்ன கண்ணில் பட்டது, சொல்லுங்கள்.

ஹெல்டர்பெர்க்_அக்கா:
நல்ல திரி தம்பி. நான் தோட்டக்காரி, எனக்கு இந்த மண் மேல் ஒரு வழக்கு இருக்கிறது, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு இருக்கிற சரிவும் இந்த மாதிரி சரளைதான். குடிவந்தபோது வீட்டு உரிமையாளர் வாசலில் புரோட்டியா என்ற இந்த ஊர்ப் பூச்செடியை நட்டு வைத்திருந்தார், எல்லாம் இலை மஞ்சளாகி ஓரம் கருகிக் கிடந்தன. பாவம் அவர், மண்ணில் சத்தே இல்லை என்று மாதாமாதம் கோழி எருவும் கலவை உரமும் போட்டு, தினமும் சாயங்காலம் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருக்கிறார். அதுதான் வினை. புரோட்டியாக் குடும்பத்துச் செடிகளின் வேர் நுனியில் பிரஷ் போலக் கொத்துக் கொத்தாகச் சிறுவேர் வரும், மண்ணில் பாஸ்பரஸ் துளி இருந்தாலும் உறிஞ்சிவிடும். பல லட்சம் ஆண்டு பட்டினி மண்ணில் பழகின வேருக்கு, எதிரில் பாஸ்பரஸைக் கொட்டினால் போதும் என்று நிறுத்தத் தெரியாது. விஷமாகிவிடும். நம் ஊரில் செடி வாடினால் உடனே ஒரு கூடை எரு வைக்கிற கை நமக்கு, இங்கே அந்தக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

வெள்ளி மரம் பார்த்திருக்கிறீர்களா? கேப்டவுனில் லயன்ஸ் ஹெட் குன்றுப் பக்கமும் கிர்ஸ்டன்பாஷ் தோட்டத்துக்கு மேலேயும் கிரானைட் சரிவில் நிற்கும், இலையில் பட்டு மாதிரி வெள்ளி முடி, காற்றடித்தால் மரமே பளபளக்கும். இயற்கையாக வளர்வது கேப் பகுதியில் மட்டும்தான். காய்ந்த சரிவில் தாக்குப்பிடிக்கிற அந்த மரம் வேரில் ஈரம் தேங்கினால் பைட்டோப்தோரா என்ற வேரழுகல் வந்து திடீரென்று போய்ச் சேரும். நேற்று வரை நன்றாக நின்றது, இன்று காய்ந்துவிட்டது என்று என்னிடம் புலம்பிய அத்தனை பேரும் தட்டையான புல்வெளியில், தண்ணீர் தெளிப்பானுக்குப் பக்கத்தில் நட்டவர்கள். கோடைக்குப் பயப்படாதீர்கள், தண்ணீர் வடியாத குழிக்குப் பயப்படுங்கள்.

ஸ்பிரிங்பாக்_சோலார்:
அக்கா சொல்வதெல்லாம் மழை பெய்கிற கேப்புக்குச் சரி. வடக்கே நமக்வாலாந்து வந்து பாருங்கள், ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல ஆண்டு என்பார்கள். இங்கேயும் கிரானைட்டும் வரிவரியான நைஸ் பாறையும்தான், ஆனால் கதையே வேறு. வேலை விஷயமாக ஸ்பிரிங்பாக்கில் இருக்கிறேன், லீவு கிடைத்தால் கோகாப் காப்பகத்துக்குப் போவேன். பாறை இடுக்கில் கோக்கர்பூம் மரம் நிற்கும், சோற்றுக்கற்றாழையின் சொந்தக்காரன், தண்டிலும் இலையிலும் தண்ணீரைச் சேர்த்துவைக்கும். சான் பழங்குடி மக்கள் அதன் கிளையைக் குடைந்து அம்புக்கூடு செய்தார்களாம். அந்த இடுக்கில் மண் என்று பார்த்தால் ஒரு டம்ளர் தேறாது.

எல்லாரும் ஆகஸ்ட், செப்டம்பரில் பூ பார்க்க வருகிறார்கள் (மேகமூட்டமாக இருந்தால் வராதீர்கள், பூ விரியாது, பெட்ரோல் தண்டம்). நான் சொல்ல வந்தது கோனோபைட்டம் பற்றி. கூழாங்கல் அளவு குண்டுச்செடி, பாறை வெடிப்பில் விரல்கடை மண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும். கோடையில் பழைய இலை காய்ந்து காகிதம் மாதிரி மேலே மூடிக்கொள்ளும், உள்ளே புது இலை உறங்கும், குளிர்கால மழைக்குக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வரும். போன கோடையில் பார்த்த ஒரு சரிவில் இந்தத் தடவை வெறும் குழிதான் இருந்தது, எவனோ ஆணியால் நெம்பி அள்ளிக்கொண்டு போயிருக்கிறான். 2019க்குப் பிறகு இந்தத் திருட்டு பயங்கரமாகக் கூடிவிட்டது, வெளிநாட்டு அலமாரிக்குப் போகிறது. சில வகை ஒரே ஒரு குன்றில்தான் உண்டு, அங்கே சுரண்டினால் உலகத்திலேயே இல்லை. தயவுசெய்து படம் போடும்போது இருப்பிடத்தை அணைத்துவிட்டுப் போடுங்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு செடியை எடுத்தாலும் குற்றம், "ஒன்றுதானே அண்ணா" என்று எனக்குச் செய்தி அனுப்பியவருக்கும் இதுதான் பதில்.

நெல்ஸ்ப்ரூட்_வாத்தியார்:
எங்கள் பக்கம் கோடை மழை, கிரானைட் குன்று. குருகர் பூங்காவின் தென்மேற்கில், பிரிட்டோரியஸ்காப் போகிற வழியில், பாறை மேல் கிளிப்ஸ்பிரிங்கர் ஜோடி நின்றதைப் பார்த்தோம், குளம்பின் நுனியில் நிற்கிற குட்டி மான், நாம் கையூன்றி ஏறுகிற இடத்தில் அது துள்ளிக்கொண்டு போகிறது. இன்னொன்று, குன்றுகளில் வளரும் மைரோதாம்னஸ் புதர். கையில் எடுத்தால் பொடியாகிற சருகு போலப் பழுப்பாகச் சுருண்டிருக்கும். மழை பெய்த மறுநாள் அதே குச்சியில் பச்சை இலை விரிந்திருந்தது. என் மாணவர்கள் நம்பவில்லை, ஒடித்த குச்சியைத் தண்ணீரில் வைத்துக் காட்டினேன்.

டர்பன்_பேத்தி:
எல்லாம் சரி, பார்லில் வீடு வாங்கியிருக்கிற என் மகள் கறிவேப்பிலை கேட்கிறாள். என் ஆயா கரும்புத் தோட்டத்துக் காலத்திலிருந்து வைத்திருந்த மரத்துக் கன்று, டர்பன் சூட்டில் கொல்லையெல்லாம் முளைக்கிறது. அங்கே சரளையில் வருமா?

ஹெல்டர்பெர்க்_அக்கா:
வரும்மா, ஆனால் சரளையால் தொந்தரவில்லை, குளிர்கால மழையும் குளிரும் சேர்ந்து வருவதுதான் தொந்தரவு. சரிவின் மேல்பக்கம் வேண்டாம், களி தங்குகிற கீழ்ப்பக்கமும் வேண்டாம், நடுவில் வடக்கு பார்த்த சுவரோரம் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து, மேடு கட்டி நடச் சொல்லுங்கள். இதற்கு எரு போடலாம், ஆனால் பக்கத்தில் புரோட்டியா இருந்தால் தள்ளி வைக்கவும். மண்ணில் நடுவதற்கு முன் முதல் இரண்டு குளிர்காலம் தொட்டியில் வைத்து, ராத்திரி வீட்டுக்குள் எடுத்துவிடுவது நல்லது.

கொங்கு_கேப்டவுன்:
டர்பன் அக்கா, எனக்கும் ஒரு கன்று மிஞ்சுமா? கேப்டவுனில் ரைலாண்ட்ஸ் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள், எங்கள் வீட்டில் மணல்தான், சரளை இல்லை.