சானல் வயலில் பிளாட்: தடுக்கணுமா, பேரம் பேசணுமா?
(மடையடி, புரையிடம், கடைவரம்பு என்ற பெயர்களில் மூணு பேர் பேசியது)

மடையடி:
நாகர்கோவிலை ஒட்டி, அனந்தனாறு சானல் தண்ணி பாயும் மூணு ஏக்கர் நஞ்சையில் பிளாட் போடப் போறாங்க. கீழ்ப்புறத்து வீட்டுக்காரர்கள் 200 கையெழுத்தோட கலெக்டருக்கு எழுதிய மனுவைப் பார்த்தேன். ஒரு புல எண்கூட இல்லை. இது தாசில்தார், ஆர்.ஐ., வி.ஏ.ஓ. என்று இறங்கி, ‘விசாரிக்கப்பட்டது’ என்று திரும்பி வரும். உட்பிரிவோட புல எண், புலப்படம், மூணு பசலி (வருவாய் ஆண்டு) அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. எழுதும் கணக்கு), மடை எங்கே என்று காட்டும் வரைபடம் எல்லாம் சேர்க்கணும்.

நிலம் முழுமைத் திட்டத்துக்குள் (மாஸ்டர் பிளான்) வந்தால் உபயோக மாற்றத்துக்குப் பத்திரிகை அறிவிப்பு வரும். ஆட்சேபனையை அந்த அவகாசத்துக்குள் கொடுக்கணும். வெளியே என்றால் நகர் ஊரமைப்புச் சட்டம் 47-ஏ: கலெக்டர் இசைவு வேணும், வேளாண்துறையிடம் கருத்துக் கேட்பாங்க.

புரையிடம்:
அடங்கலை எடுங்க அண்ணாச்சி, தரிசுன்னுதான் இருக்கும். சானலின் கடைசி வயல்வரை தண்ணி வந்தாத்தானே கன்னிப்பூ (முதல் போகம்) நடமுடியும்? சானல் முழுக்க ஆகாயத்தாமரை. அதை வாரச் சொல்லி என்னைக்காவது 200 கையெழுத்து போட்டீங்களா? வயல் பச்சையா இருக்கணும்கிறது உங்க ஆசை, நட்டம் மட்டும் உடையவனுக்கா?

மடையடி:
சானல் பற்றிச் சொன்னது சரி, மனுவில் அதுவும் வரணும். ஆனா தண்ணி வந்த வருசமும் வேணும்னே தரிசு போடுவது உண்டு. அந்த அடங்கலைக் காட்டித்தானே அப்புறம் மாற்றம் கேட்கிறாங்க? பக்கத்து வயலின் அடங்கலையும் சேர்த்து வையுங்க. ஒரே மடை, அங்கே கும்பப்பூ (ரெண்டாம் போகம்) விளைஞ்சிருந்தா ‘தண்ணியில்லை’ என்ற வாதம் நிற்காது.

கடைவரம்பு:
ரெண்டு பேரும் மண்ணை விட்டுட்டீங்க. ஏக்கருக்கு 43,560 சதுர அடி. மூணு அடி மேடாக்க 1,30,680 கன அடி, அதாவது 1,300 யூனிட்டுக்குச் சற்று மேல் (யூனிட் என்றால் 100 கன அடி). மூணு யூனிட் டிப்பரில் 435 நடை. மூணு ஏக்கருக்கும் 1,300 நடை. அழுத்தி அமுக்கினா இன்னும் கூடும். இது வயல்விட்டு வயல் பாயும் பூமி. நடுவயல் மேடானா கீழ்வயலுக்குத் தண்ணி இல்லை. ஐப்பசி மழையில் வெள்ளம் வடிய வழியில்லாமல் தாழ்வில் இருக்கும் மூணு செண்டு, நாலு செண்டு வீடுகளுக்குள் ஏறும். 2021 நவம்பர் வெள்ளம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

புரையிடம்:
அதுக்குப் பைப் போட்டுக் கொடுக்கலாமே. அனுமதி வாங்கிப் போடுற பிளாட்டையே எதிர்த்தா, அனுமதியில்லாத பிளாட்தான் பெருகும்.

கடைவரம்பு:
பைப் ஒரே மழையில் சேறும் பிளாஸ்டிக்கும் அடைச்சிடும், உள்ளே இறங்கி வாரவும் முடியாது. அகலமான திறந்த ஓடை வேணும், வரைபடத்திலேயே குறிக்கணும். மனைமட்டம் இப்போதைய ரோட்டு மட்டத்தைத் தாண்டக்கூடாது. இதுக்கு ஒத்துக்கிட்டா நான் பேரம் பேசச் சொல்வேன்.

மடையடி:
பேரம் என்றால் பொது இடத்தையும் எழுதி வாங்குங்க. 2019 கட்டட விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், ரோடு போக மீதியில் பத்து சதவீதத்தைப் பொது ஒதுக்கீடாகத் தானமாகக் கொடுத்தே ஆகணும். அதுக்குக் குறைஞ்சா பணமாகக் கட்டவும் வழி உண்டு, 3,000 வரை ஒன்றுமே இல்லை. மூணு ஏக்கர் 12,140 சதுர மீட்டர். ரோட்டுக்கு 2,500 போனா ஒதுக்கீடு 964, சுமார் 24 செண்டு. ஆகவே நிலத்தை ரெண்டு பேர் பெயரில் பிரிச்சு ரெண்டு விண்ணப்பமாகப் போட வாய்ப்பு அதிகம். வில்லங்கச் சான்றில் மூலப்பத்திரம் ஒண்ணுதானா, சமீபத்தில் பாகம் பிரிச்சாங்களா என்று பாருங்க.

புரையிடம்:
24 செண்டை எந்த மூலையில் கொடுப்பாங்க?

மடையடி:
சொல்லாவிட்டா மூலையில் கிடக்கும் பள்ளத்தைத் தள்ளிவிடுவாங்க. ஓடையை ஒட்டிக் கேளுங்க. தண்ணி நிற்க இடமாகும், கொய்த்து (அறுவடை) மெஷின் இறங்கவும் வழியாகும்.

கடைவரம்பு:
இப்பவே மட்டம் பார்த்து, தேதியோடு படம் எடுத்து வையுங்க. மண் அடிக்கிறது பெரும்பாலும் தொடர் விடுமுறையில்தான். அடிச்ச பிறகு பழைய மட்டம் எதுன்னு யாராலும் நிரூபிக்க முடியாது. வண்டி வந்தா முதலில் நடைச்சீட்டை (மண் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு) கேளுங்க.