மால்டோவா ருமேனியாவோடு இணைவது நல்லதா?

கேள்வி (வடகரைவாசி):
மால்டோவாவில் ஏறத்தாழ 24 லட்சம் பேர் வாழ்கிறார்கள். புரூட் ஆற்றின் மறுகரையிலுள்ள ருமேனியாவில் ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் பேர். இரு நாடுகளுக்கும் மொழி ஒன்றே என்பதை 2023இல் மால்டோவிய நாடாளுமன்றமே சட்டங்களில் ‘ருமேனிய மொழி’ என்று எழுதி ஏற்றுக்கொண்டுவிட்டது. 1918 மார்ச் 27 அன்று இன்றைய மால்டோவாவின் பெரும்பகுதியை உள்ளடக்கிய பெஸ்ஸராபியாவின் மன்றம் இணைவுக்கு வாக்களித்த பிறகு, 1940இல் சோவியத் ஒன்றியம் பறித்துக்கொள்ளும்வரை அந்நிலம் ருமேனியாவில்தான் இருந்தது. கிழக்கு ஜெர்மனி 1990இல் மேற்கோடு சேர்ந்ததும், தனியே விண்ணப்பிக்காமலேயே ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்துக்குள் வந்துவிட்டது. பக்கத்தில் உக்ரைன் போரில் சிக்கியிருக்கும் இந்நாளில், நேட்டோ உறுப்பு நாடான ருமேனியாவோடு சேர்ந்துவிடாமல் மால்டோவா தனித்து நிற்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

மறுமொழி (சட்டநோக்கி):
நியாயம் இருக்கிறதா என்பதற்கு முன், வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாட்டின் இறையாண்மை, சுதந்திரம், நடுநிலைமை ஆகியவற்றைப் பற்றிய பிரிவுகளைத் திருத்த வேண்டுமானால், வாக்களித்தவர்களில் அல்ல, பதிவு பெற்ற வாக்காளர்களில் பெரும்பான்மையினர் பொதுவாக்கெடுப்பில் ஒப்புதல் தர வேண்டும் என்கிறது 1994ஆம் ஆண்டு அரசியலமைப்பு. 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் நோக்கத்தை அரசியலமைப்பில் எழுதுவதற்கு நடந்த வாக்கெடுப்பில், பாதியை ஒட்டியவர்களே வாக்குச்சாவடிக்கு வந்தார்கள். அவர்களிலும் 50 விழுக்காட்டைச் சற்றே தாண்டியவர்கள்தாம் ஆம் என்றார்கள். அவ்வளவு பேருடைய விருப்பத்தைக் கொண்டு ஒரு நாட்டைக் கலைத்துவிட முடியாது.

அடுத்தது, தெற்கிலுள்ள காகவுசியா. துருக்கிய மொழி பேசும் கிறித்தவர்களான காகவுசியர்களுக்கு 1994 டிசம்பரில் தன்னாட்சி தந்த சட்டத்திலேயே, மால்டோவா சுதந்திர நாடு என்ற நிலை மாறுமானால் அவர்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம் என்ற விதி இருக்கிறது. அதாவது, ஒரு பக்கம் சேர்ப்பதற்காகப் போடும் கையெழுத்தே இன்னொரு பக்கம் பிரிவதற்கான உரிமையை எழுப்பிவிடும். டினீஸ்டர் ஆற்றுக்கு அப்பால், மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் டிரான்ஸ்னிஸ்திரியாவின் கதை தனி. 1992 போருக்குப் பிறகு ரஷ்யப் படைகள் தங்கியிருக்கும் அப்பகுதி, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து ருமேனியாவில் இருந்ததே இல்லை.

மறுமொழி (மேற்குமலையன்):
சட்டத்தைப் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 1918ஐப் பொற்காலம் போலக் காட்டுவதை ஏற்க இயலாது. ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டிலிருந்து வந்த அதிகாரிகளும் காவலர்களும் நடந்துகொண்ட விதத்தால் பெஸ்ஸராபியாவில் மனக்கசப்பு வளர்ந்தது என்பதை ருமேனிய வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். 1941இல் ருமேனிய சர்வாதிகாரி அந்தோனெஸ்குவின் ஆட்சி அந்நிலத்தை மீட்டபோது அங்கிருந்த யூதர்களுக்கு நேர்ந்த படுகொலைகளையும் நாடுகடத்தலையும் விட்டுவிட்டு இணைவைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

சேர்ந்த சிறிய நாடு பிறகு என்னவாகிறது என்பதற்கு வட அட்லாண்டிக் தீவான நியூஃபவுண்ட்லாந்தைப் பாருங்கள். 1948 ஜூலையில் நடந்த இரண்டாவது வாக்கெடுப்பில் 52 விழுக்காட்டினர் ஆதரித்ததால், அது அடுத்த ஆண்டு கனடாவோடு இணைந்தது. குடும்பப்படியும் முதியோர் ஓய்வூதியமும் வந்தன என்பது உண்மைதான். ஆனால் மீன்வளத்தின் மீதான அதிகாரம் கனடியத் தலைநகர் ஒட்டாவாவுக்குப் போய்விட்டது. அங்கிருந்தபடி எடுத்த முடிவுகளின் கீழ்க் காட் மீன் அழிந்து, 1992இல் மீன்பிடிக்கே தடை வந்தபோது, பல்லாயிரம் பேர் தொழிலிழந்தார்கள். தனி நாடாக இருந்திருந்தால் மீன் பிழைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். குற்றம் சாட்டவாவது சொந்த அரசு ஒன்று இருந்திருக்கும்.

வடகரைவாசி:
காகவுசியா பற்றிய விதி எனக்குப் புதிது, நன்றி. அப்படியானால் இணைவைக் கேட்பவர்கள் வெறும் உணர்ச்சிவயப்பட்டவர்கள் என்கிறீர்களா?

மறுமொழி (சட்டநோக்கி):
இல்லை ஐயா. அவர்கள் கேட்பவற்றில் பெரும்பகுதி வேறு வழியாகவே வந்துகொண்டிருக்கிறது என்பதுதான் என் கருத்து. ஏராளமான மால்டோவியர்கள் ஏற்கெனவே ருமேனியக் குடியுரிமை பெற்றிருக்கிறார்கள். அதிபர் மாயா சாண்டுவும் அவர்களில் ஒருவர். 2014 முதல் மால்டோவியக் கடவுச்சீட்டிலேயே விசா இன்றி, தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்குச் செல்லலாம். ருமேனிய நகரான யாஷிலிருந்து மால்டோவிய எல்லை நகரான உங்கேனிக்கு வந்த எரிவாயுக் குழாய் பின்னர் தலைநகர் கிசினாவ் வரை நீண்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினரான பிறகு புரூட் எல்லை மெல்ல மெல்லத் தன் பொருளை இழக்கும். அதற்குக் காகவுசியாவின் விதியைத் தொட வேண்டியதில்லை. இப்போதைக்கு அங்கே அவசரமாகத் தீர வேண்டியது தண்டவாளச் சிக்கல். சோவியத் காலத்து அகலப் பாதை ருமேனியப் பாதையோடு பொருந்தாததால், புகாரெஸ்ட் ரயில் உங்கேனியில் நின்று, பெட்டிகளைத் தூக்கிச் சக்கரத் தொகுதிகளை மாற்றிக்கொண்டுதான் மேலே செல்கிறது.